கை நிற்கிற இடம்

தோள் வலிக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில், டிபன் பாக்ஸ் மூடியைக் கையில் கொடுத்து "எறிஞ்சு காட்டுங்க அங்கிள்" என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கு வந்தது. அங்கிள் என்றதற்குப் பாதி, மூடிக்குப் பாதி. எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஆரணியில் பட்டுத் தறி நெய்கிறவன். தலையில் இன்னும் முக்கால்வாசி முடி இருக்கிறது.

"நெஜமா எறிய வேணாம். எப்பிடி எறிவீங்கன்னு சும்மா வீசிக் காட்டுங்க" என்றார் அந்த பிசியோதெரபி டாக்டரம்மா. வீசிக் காட்டினேன். வியர்த்த கையிலிருந்து மூடி நழுவிப் பறந்து, சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தின் முழங்காலில் மோதிக் கணகணவென்று தரையில் உருண்டது. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் பின்னால் வந்து வலது தோளின் பின்பக்கம், எலும்பின் ஓரத்தில், கட்டைவிரலை வைத்து ஒரே ஓர் அழுத்து அழுத்தினார். நான் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

"கை மட்டும்தான் எறியுது. உடம்பு நின்னு வேடிக்கை பாக்குது" என்றார். "இப்பிடியே போனா கொஞ்ச நாள்ல கைய தலைக்கு மேல தூக்க முடியாது. தறிய விடுங்கன்னு நான் சொல்லல. சொன்னாலும் விடமாட்டீங்க. இந்த வெளையாட்ட விடுங்க. இல்லாட்டி ஒழுங்கா எறியக் கத்துக்கோங்க. ரெண்டுல ஒன்னு."

விளையாட்டின் பெயர் டிஸ்க் கோல்ஃப். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது, விளிம்பு மட்டும் கனமானது. தூரத்தில் இருக்கும் இலக்கில் அது போய்ப் பட வேண்டும். படுகிற வரைக்கும், விழுந்த இடத்திலிருந்து எடுத்து மறுபடி எறிய வேண்டும். குறைந்த எறிகளில் முடித்தவன் ஜெயித்தான், அவ்வளவுதான். வெளிநாடுகளில் இலக்காகச் சங்கிலி தொங்கும் கூடைகளை நட்டு வைத்திருப்பார்களாம். எங்களுக்கு ஊருக்கு வெளியே தண்ணீர் வற்றிய ஏரியும், அதற்குள்ளும் கரையிலும் நிற்கிற மரங்களும் போதும். ஒன்பது மரங்களுக்குச் சுண்ணாம்பில் நம்பர் போட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் ஆட்டம் கிடையாது. அதில் எங்களுக்கு வருத்தமும் கிடையாது.

எங்களுக்கு என்றால் எனக்கும் என் சிநேகிதனுக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது களம்பூரில் ஓர் அரிசி மில்லில் எலக்ட்ரீஷியன். அதற்கு முன் சில வருஷம் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி வளாகத்தில் விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். அங்கே வேலை செய்கிறவர்கள் சாயங்காலம் புல்வெளியில் இதை விளையாடுவார்கள். விளக்குக் கம்பத்திலும் மரத்திலும் சிக்கிய தட்டுகளை ஏணி போட்டு எடுத்துக் கொடுக்கிறவன் இவன். எடுத்துக் கொடுத்துக்கொண்டே எறியவும் கற்றுக்கொண்டான். ஊரோடு திரும்பி வந்தபோது ஒரு பை நிறையத் தட்டு கொடுத்தனுப்பினார்கள். அந்தப் பையை ஒரு நாள் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, "மச்சான், சும்மா ஒரு தடவ எறிஞ்சு பாரு" என்றான். எறிந்தேன். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள், வெயில் ஏறுவதற்கு முன்னால், ஏரியில்தான் இருப்பேன். போகப் போக அந்தப் பையே என் வீட்டில் தங்கிவிட்டது.

ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்று நானே யோசித்திருக்கிறேன். தறியில் உட்கார்ந்தால் என் கண்ணுக்கு எதிரே இருப்பது ஒரு முழம் துணி. இருபத்தைந்து வருஷமாக அந்த ஒரு முழத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குறை சொல்லவில்லை, பிடித்துத்தான் பார்க்கிறேன். ஆனால் ஏரியில் தட்டை எறிந்துவிட்டு அது போகிற திசையில் பார்க்கும்போது கண் எங்கேயோ போய் நிற்கிறது. அது முகூர்த்தப் புடவை இல்லை, யாருக்கும் முடித்துக் கொடுக்க வேண்டியதில்லை. நான் நின்றுகொண்டு செய்கிற ஒரே காரியம் அது. அதை விடச் சொன்னால் விட மனசு வருமா?

அதோடு ஓர் எரிச்சலும் இருந்தது. என் சிநேகிதன் ஒல்லி. சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணலாம். என் கைகளோ தறிக் கைகள். ஆனாலும் அவன் எறிந்தால் தட்டு மிதந்து மிதந்து நாலாவது மரத்தைத் தாண்டிப் போகும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தாலும் மரத்துக்கு இருபது அடி முன்னாலேயே சோர்ந்து விழும். அவன் எதுவும் சொல்ல மாட்டான். போய் எடுத்துக்கொண்டு வருவான். அவன் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்காது.

வைத்தியம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள், "இன்னா சொன்னாங்க?"

"தட்ட வெச்சிடணுமாம். இல்லாட்டி ஒழுங்கா எறியணுமாம்."

"வெச்சிடுங்க."

"வெக்க முடியாது."

"அப்ப தறிய யாரு நெய்யறது? நானா?"

தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் அந்த வாரம்தான் முடிந்திருந்தது. அடுத்த புடவைகளுக்கான நூல் வந்து, பழைய இழையோடு புது இழையைப் பிணைத்துத் தறியை மறுபடி ஓட்ட எப்படியும் பத்துப் பன்னிரண்டு நாளாகும். அவள் அப்படிக் கேட்ட கோபத்தில் நான் வாயை விட்டேன். "புதுப் பாவு பிணைக்கிற அன்னைக்கு எனக்குத் தோள் வலி இருந்திச்சுன்னா, பைய தூக்கி அவன்கிட்டயே குடுத்துடறேன். அப்பறம் ஏரிப் பக்கமே போவமாட்டேன். போதுமா?"

"சொன்ன வார்த்த மாறக்கூடாது" என்றாள். நான் மாற மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். வறட்டுப் பிடிவாதத்தில் எங்கள் தெருவிலேயே எனக்குத்தான் முதலிடம்.

மறுநாளே சிநேகிதனிடம் சொல்லிவிட்டேன். சொல்லிக் கொடு, இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன் என்று. அவன் நம்பவில்லை. இருந்தாலும் ஆரம்பித்தான்.

"நீ தட்ட வயித்த சுத்திக் கொண்டாற. அப்பிடிக் கொண்டாராத. நெஞ்சுக்குக் கிட்ட, நேர்க்கோடா இஸ்துகினு வா" என்றான். எறிகிற திசைக்கு வலது தோளைக் காட்டிப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். வலது கையில் தட்டு. அதைப் பின்னால் நீட்டி, நெஞ்சை ஒட்டி இழுத்து, முன்னால் விட வேண்டும். நான் என்னவோ சோற்றுக் குண்டானைக் கட்டிக்கொண்டு போகிறவன் மாதிரி உடம்பைச் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். அதைத் திருத்தவே இரண்டு நாள் ஆனது.

அடுத்தது நேரம். நின்ற இடத்திலிருந்து எறிவதில்லை. மூன்று எட்டு வைத்து வந்து, கடைசி எட்டில் வலது காலை ஊன்றி எறிய வேண்டும். அவன் என்னைப் போனில் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டுக் காட்டினான். கால் இன்னும் தரையைத் தொடவில்லை. கை அதற்குள் பாதி தூரம் வந்துவிட்டது.

"காலு ஊனறதுக்கு முன்னாடியே கை கெளம்பிடுது பாரு. ஜல்தி ஜல்தின்னு கைக்கு இன்னா அவசரம்? மொதல்ல காலு ஊனணும். அப்பறம் இடுப்பு திரும்பணும். அப்பறம் தோளு. கை கடைசியா வரணும். கைய இஸ்துகினு வர்றது உடம்பு. கை சும்மா கூட வருது, அவ்ளோதான்."

வீட்டு மாடியில் தட்டுக்குப் பதிலாகத் துண்டைப் பிடித்துக்கொண்டு பழகினேன். துண்டின் முனையில் ஒரு முடிச்சு. சரியான நேரத்தில் இடுப்பு திரும்பினால் அது முன்னால் போய் 'பட்'டென்று சத்தம் போடும். நேரம் தப்பினால் சத்தம் முதுகுப் பக்கமே வந்துவிடும், அல்லது வரவே வராது. காலையிலும் சாயங்காலமும் மாடியில் மூன்று எட்டு வைப்பதும் துண்டை வீசுவதுமாக இருந்தேன். எதிர்வீட்டு அம்மா துணி காயப்போட வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னாங்க, உங்க மாடில கொசு ரொம்ப ஜாஸ்தியா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அவர் துணி காய்ந்தே போயிருக்கும்.

ஐந்தாம் நாள் எனக்கு ஒன்று புரிந்தது. தறியில் நான் தினமும் செய்வதும் இதே வரிசைதானே? காலால் மிதியை அழுத்தினால்தான் பாவு இரண்டாகப் பிரிந்து வழி விடும். அதற்கப்புறம்தான் கை கயிற்றை இழுக்கும். குறுக்கு நூலைச் சுமக்கிற நாடா அந்த வழியில் ஓடும். கால் முந்த வேண்டும், கை பிந்த வேண்டும். கை முந்தினால் நாடா மூடின பாவில் போய் முட்டும். இதை முதல் நாளே இப்படிச் சொல்லியிருந்தால் அப்போதே பிடித்திருப்பேனே என்று சிநேகிதன் மேல் எரிந்து விழுந்தேன். "நான் இன்னா தறியா நெய்யறேன்? எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றான் பாவம்.

அன்று காலை வலது காலை ஊன்றி, இடுப்பு திரும்புகிற வரைக்கும் கையைக் காக்க வைத்து எறிந்தேன். தட்டு நாலாவது மரத்தின் அடியில் போய் விழுந்தது. இரண்டாவது தட்டு மரத்திலேயே பட்டது. சுண்ணாம்பு நம்பருக்குப் பக்கத்தில் அது பட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வரும் வழியில் அவனுக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் தூரம் கூடியதே தவிர வலி குறையவில்லை. கூடியது. உடம்பு முழுதும் சேர்ந்து எறிவதால் கையில் வேகம் ஏறியிருந்தது, அந்த வேகம் எல்லாம் தோளின் பின்பக்கத்தில் வந்து இடித்தது. ஏழாம் நாள் குளிக்கும்போது சொம்பை வலது கையால் தூக்க முடியவில்லை. இடது கையால் ஊற்றிக்கொண்டேன். தலை வாருவது, காபி டம்ளரைப் பிடிப்பது எல்லாம் இடது கைக்கு மாறியது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். புதுப் பாவு அந்த வெள்ளிக்கிழமை வருகிறது என்று நூல் கொடுக்கிற முதலாளி வீட்டிலிருந்து போன் வந்தது. நடுவில் நாலு நாள்தான் இருந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. விட்டுவிடத்தான் வேண்டும் போலிருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு மாதிரி கனத்துக் கிடந்தது.

அன்று சாயங்காலம் என் மனைவி, "காலையில நானும் ஏரிக்கு வரேன்" என்றாள்.

"நீ எதுக்கு?"

"இடது கையில காபி குடிக்கறவர வேடிக்கை பாக்க."

அவள் அதுவரை ஏரிக்கு வந்ததில்லை. என் தறிக்குத் தார் சுற்றுவது அவள்தான். நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சிகளில் ராட்டையைச் சுற்றிப் பட்டு நூலை ஏற்றுவது. நான் முன்னறையில் நெய்கிறேன் என்றால் அவள் அடுத்த அறையில் சுற்றிக்கொண்டிருப்பாள். என் தறி ஓடுகிற சத்தத்தை வைத்தே எனக்குக் கோபமா, பசியா, தூக்கமா என்று சொல்லிவிடுவாள்.

ஏரிக்கு வந்தவள் கரையில் ஒரு கல்லைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். சிநேகிதனும் நானும் மாறி மாறி ஐந்தாறு தட்டு எறிந்தோம். நாலாவது மரத்தில் என்னுடையது ஒன்று பட்டது. அவள் மரத்தைப் பார்க்கவே இல்லை என்பதைக் கவனித்தேன். அதிலேயே எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

"தட்டு போனப்பறம் உங்க கை எங்க போவுது?" என்று கேட்டாள்.

"எங்கயும் போவல. இங்கதான் இருக்குது."

"அதான் தப்பு. அண்ணா கைய பாருங்க, எறிஞ்சதும் சுத்திகினு பின்னால போவுது. உங்க கை தட்டு போனதுமே டக்குனு நின்னுடுது. நீங்க நாடா ஓட்டறீங்க."

இதை விளக்கினால்தான் என் கோபம் விளங்கும். தறியில் ஓடிய நூலை அடித்து இறுக்குகிற பலகையின் இரண்டு கோடியிலும் பெட்டி மாதிரி ஒன்று இருக்கும். கயிற்றைச் சுண்டினால் நாடா ஒரு பெட்டியிலிருந்து கிளம்பிப் பாவின் நடுவே ஓடி எதிர்ப் பெட்டியில் போய் அடங்கும். சுண்டிய கை அந்த நொடியே நிற்க வேண்டும். நிற்காமல் போனால் நாடா பெட்டியில் முட்டித் திரும்பிப் பாவுக்குள் வந்து கிடக்கும். அது தெரியாமல் பலகையை அடித்தால் இழைகள் கொத்தாக அறுந்துபோகும். நெசவில் கையை நிறுத்தத் தெரிந்தவன்தான் கெட்டிக்காரன். நான் கெட்டிக்காரன்.

"நாடாவப் பத்தி எனக்குச் சொல்றியா?" என்றேன். "இருவத்தஞ்சு வருஷமா கேட்டுகினு இருக்கறியே, என் நாடா ஒரு தடவ திரும்பி வந்துக்குதா? நீயே சொல்லு!"

"வரல. அதத்தான் சொல்றேன். அவ்ளோ நல்லா நிறுத்தறீங்க. ஆனா இங்க இன்னா பொட்டியா வெச்சுக்குது, நிறுத்தறதுக்கு?"

சிநேகிதன் சிரித்துவிட்டான். அவன் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் கேட்டிருப்பேனோ என்னவோ. கையில் இருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டு, பைக்கைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மெயின் ரோடு ஏறி, பெட்ரோல் பங்கைத் தாண்டிய பிறகுதான் பெண்டாட்டியை ஏரியிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. பைக்கில் அவள் வந்ததே என்னோடுதான். இவ்வளவு பெரிய பேஜாரில் மாட்டிக்கொண்ட பிறகு ஒருவன் எந்த முகத்தோடு திரும்பிப் போவான்? ஆனாலும் போனேன்.

கரையில் வண்டியை நிறுத்தும்போது அவள் எறிந்துகொண்டிருந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சிநேகிதன் கொடுக்கும் தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி எறிந்தாள். முப்பது அடிகூடப் போகவில்லை. ஒன்று பக்கவாட்டில் போய்ப் புதரில் விழுந்தது. ஆனால் அவள் கை நிற்கவில்லை. தட்டு போன பிறகும் கை தன் போக்கில் சுற்றி, தோளைத் தாண்டிப் பின்னால் போனது. கையோடு உடம்பும் திரும்பியது, ஊன்றிய காலின் குதிகால் மண்ணில் திருகிக்கொண்டது. எறிந்து முடித்தபோது அவள் மரத்துக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

ராட்டை சுற்றுகிற கை அது. சுற்ற ஆரம்பித்தால் நிற்கக்கூடாது என்றுதான் அதற்குத் தெரியும்.

"இன்னா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றாள். நீ சொன்னதுதான் சரி என்று சொல்லியிருக்கலாம், சொல்ல வாய் வரவில்லை. கீழே கிடந்த தட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

கையை நிறுத்தாமல் விடுவது சொல்வதற்குச் சுலபம். எறியப் போகிற நேரத்தில் உள்ளே யாரோ பிடித்து இழுக்கிறார்கள். விட்டால் ஏதோ அறுந்துவிடும், ஏதோ உடைந்துவிடும் என்று கை பயப்படுகிறது. அன்று எறிந்த முதல் பத்துத் தட்டும் பத்துத் திசையில் போயின. ஒன்று சீமைக் கருவேல முள்ளுக்குள் போய், எடுக்கப் போனதில் முழங்கை கிழிந்தது. ஒன்று, ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மாவுக்கு முன்னால் போய் விழுந்தது. "இன்னாய்யா, எங்க ஆட்ட சாவடிக்கவா ரவுண்டு கட்டி நிக்கறீங்க?" என்று அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

மறுநாளும் போனோம், மூன்று பேரும். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, தூரத்தை மறந்துவிட்டு, முடிப்பதை மட்டும் பார்க்கச் சொன்னான் சிநேகிதன். தட்டைப் பற்றி நினைக்காதே, கை எங்கே போய் நிற்கிறது என்று மட்டும் பார் என்றான். குதிகாலையும் திருப்பு, இல்லாவிட்டால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும் என்றான். என் மனைவி தன் பங்குக்குக் கரையிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். "நின்னுச்சு." "நின்னுச்சு." "இதுவும் நின்னுச்சு." கிரிக்கெட் அம்பயர் தோற்றுப்போவார். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த தட்டை, போ, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று விட்டேன்.

கால் ஊன்றியது. இடுப்பு திரும்பியது. கை வந்தது, போனது, போய்க்கொண்டே இருந்தது. நான் திரும்பி நின்றபோது எதிரே கரையில் அவள் தெரிந்தாள். கரையிலிருந்து சத்தம் வரவில்லை. தட்டு எங்கே போனது என்று திரும்பிப் பார்த்தேன். நாலாவது மரத்தைத் தாண்டி, இன்னும் மிதந்துகொண்டிருந்தது. நான் எதையும் முக்கி எறியவில்லை. தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வலி வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

"தோ பார்றா" என்றான் சிநேகிதன். அவன் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வர எத்தனை மாசம் ஆனது!

வெள்ளிக்கிழமை பாவு வந்தது. பிணைக்கிற பெண்கள் இருவர் வந்து, தறிக்குள் எதிரெதிரே உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான இழைகளில் பழையதோடு புதியதை ஒவ்வொன்றாகத் திருகிச் சேர்த்தார்கள். நடுவில் அவர்களுக்கு டீ கொண்டுவந்த என் மனைவி, டீத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கு நாள் தெரியுதா? வலிக்குதா?"

"இல்ல."

"கைய தலைக்கு மேல தூக்குங்க."

தூக்கினேன்.

"என் மூஞ்ச பாத்து சொல்லுங்க."

"இல்லம்மா, வலிக்கல" என்றேன். வலித்திருந்தால் அந்த இடத்தில் பொய் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும். பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிணைக்கிற பெண்கள் இருவரும் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் கெட்டிக்காரனாகவே இருந்திருப்பேன். மறுநாள் காலை சாமி கும்பிட்டுவிட்டுப் புதுப் பாவில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. உடம்பில் ஏரியின் உற்சாகம் அப்படியே இருந்தது. மிதியை அழுத்தினேன், கயிற்றை இழுத்தேன், கை போனது. போனது. எதிர்ப் பெட்டியில் நாடா 'டக்'கென்று முட்டி, அதற்குள் இன்னொரு 'டக்'. அந்த இரண்டாவது சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டு, "நிறுத்துங்க!" என்று அவள் கத்துவதற்குள் என் இடது கை பலகையை அடித்துவிட்டது.

ஒரு கொத்து இழை. விரல் அகலத்துக்கு அறுந்து, புது அரக்குச் சிவப்புப் பாவில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. இருபத்தைந்து வருஷத்தில் என் தறியில் அப்படி நடந்ததில்லை.

அவள் வந்து பார்த்தாள். இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிணைக்க ஆரம்பித்தாள். நான் கால் வைக்கிற தறிக் குழியிலிருந்து எழுந்தேன். உள்ளே போய்த் தட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் வைத்தேன். அவமானமாக இருந்தது. வலி இருந்தால் விடுகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். வலி இல்லை, ஆனால் வேலை கெட்டது. இது அதைவிட மோசம். ஒரு கை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும் என்று எதிர்பார்த்தது என் முட்டாள்தனம்.

பதினோரு மணி வாக்கில் கடைசி இழையையும் திருகிவிட்டு அவள் எழுந்தாள். வாசலைப் பார்த்தாள்.

"பை எதுக்கு அங்க கெடக்குது?"

"அவன்கிட்ட குடுத்துடப் போறேன். இந்தக் கைக்கு ரெண்டு வேல வராது."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய், பையைத் திறந்து, துழாவி ஒரு தட்டை எடுத்தாள். "இது என்னுது. நான் இன்னும் ரெண்டாவது மரத்தயே தொடல. இத யாருக்கும் குடுக்கறதா இல்ல."

"சரி, அது ஒன்ன நீ வெச்சுக்கோ. மிச்சத்த குடுத்துடறேன்."

"மிச்சத்த குடுத்துட்டா என்கூட யாரு வெளையாடறது?" என்றாள். "ஒரு தடவ நாடா திரும்பிச்சு, அவ்ளோதான? நான் பிணைச்சுட்டேன். எறங்கி ஓட்டுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

இறங்கி உட்கார்ந்தேன். மிதியை அழுத்தினேன். கயிற்றை இழுத்தேன். கை நின்றது. மறுபடி இழுத்தேன், நின்றது. பத்து முறை, இருபது முறை, ஒவ்வொரு முறையும் ஒரே 'டக்'தான். அவள் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் ராட்டைக்குப் போய் உட்கார்ந்தாள். அந்த அறையிலிருந்து ராட்டை சுற்றுகிற சத்தம் வந்தது.

தறியை ஓட்டிக்கொண்டே சொன்னேன். "அன்னைக்கு ஏரில நீ சொன்னதுதான் சரி."

"இன்னாது? தறி சத்தத்துல ஒன்னும் கேக்கல" என்றாள்.

அவளுக்கு நன்றாகவே கேட்டது என்று எனக்குத் தெரியும். தறியை நிறுத்திவிட்டு மறுபடி சொன்னேன்.